பிரேக் போட்டால் ஸ்டீயரிங் ஆடுகிறது: டயல் கேஜ் வைத்துத் தேடியது

பிரேக் போட்டால் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்று எந்த ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சொன்னாலும் பதில் தயாராக இருக்கும்: “டிஸ்க் பெண்டாயிருச்சுங்க, மாத்திடலாம்.” மாற்றினால் நடுக்கம் நிற்கும். வண்டிக்காரருக்குத் திருப்தி, மெக்கானிக்குக் கூலி. கொஞ்ச காலம் ஓடியதும் அதே நடுக்கம் மெல்ல எட்டிப் பார்க்கும். என் காருக்கு ஏற்கெனவே ஒரு முறை இப்படி முன் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) இரண்டும் மாற்றியாயிற்று. மறுபடி ஆட ஆரம்பித்ததும், இந்தத் தடவை அளந்து பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன்.

வண்டி ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக். முன்னால் நடுவில் காற்றுப் போக வழியுள்ள இரட்டைச் சுவர் டிஸ்க், பின்னால் டிரம். ஓட்டம் பெரும்பாலும் தருமபுரி - சேலம். அதாவது வாரா வாரம் தொப்பூர் கணவாய். இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும்.

முதலில் நடுக்கம் பிரேக்கினால்தானா என்று உறுதி செய்ய வேண்டும். வீல் பேலன்சிங் கெட்டிருந்தாலும் ஸ்டீயரிங் ஆடும். ஆனால் அது பிரேக் தொடாமலே, பெரும்பாலும் 80 முதல் 100 கி.மீ. வேகத்துக்குள் ஆடும், அதற்குக் கீழே போனால் அடங்கிவிடும். காரிமங்கலம் தாண்டி கிருஷ்ணகிரி பக்கம் ரோடு நேராகவும் காலியாகவும் கிடைத்த நேரத்தில், பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, 100 வரை போனேன். சும்மா ஓடும்போது ஸ்டீயரிங் அமைதி. மெதுவாக பிரேக்கை அழுத்தியதும் ஸ்டீயரிங் இடதும் வலதுமாக ஆடியது, மிதியும் காலைத் திருப்பித் தள்ளியது. வேகம் குறையக் குறைய துடிப்பும் நிதானமானது. 20 கி.மீ.க்கு வந்தபோது மிதி ஏறி இறங்குவதை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல இருந்தது. துடிப்பு சக்கரத்தின் சுற்றோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. என் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.95 மீட்டர், 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 11 முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றோ இரண்டோ இடிப்பு வந்தால் கையில் அது நடுக்கமாகத்தான் தெரியும்.

ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமல் காக்கும் அமைப்பு) வேலை செய்யும்போதும் மிதி துடிக்கும். அது ஈர ரோட்டில், ஜல்லியில், சடாரென்று அமுக்கும்போது வரும் கரகரப்பு. மென்மையாக பிரேக் தொடும்போது வராது.

முன்னாலா பின்னாலா என்பது அடுத்த கேள்வி. ஸ்டீயரிங் ஆடினால் முன்புறம், சீட்டும் தரையும் மட்டும் அதிர்ந்தால் பின்புறம் என்பது பொது விதி. கை பிரேக் பின் டிரம்மை மட்டும் பிடிக்கும் வண்டியாக இருந்தால் இன்னொரு வழி உண்டு: யாருமே இல்லாத நேர் ரோட்டில், 40 கி.மீ.யில், லீவர் நுனியில் உள்ள பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்ப்பது. பட்டனை விட்டுவிட்டால் லாக் ஆகி வண்டி சுழன்றுவிடும், ஜாக்கிரதை. எனக்குப் பின்புறம் சுத்தமாக இருந்தது. சந்தேகம் முன்னால் வந்து நின்றது.

வீட்டுக்குத் திரும்பியதும் ரிம் இடைவெளி வழியாக லேசர் தெர்மாமீட்டரைப் பிடித்துப் பார்த்தேன். அதிகம் பிரேக் போடாமல் ஓட்டி வந்த பிறகு இடது டிஸ்க் 68 டிகிரி, வலது 104. இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருந்தால் வலது பக்கம் பேட் (டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை) முழுதாக விலகவில்லை என்று பொருள். இந்தத் தெர்மாமீட்டருக்கு இப்போது பெரிய விலை இல்லை. ஸ்கேனர் இல்லாத வீட்டு மெக்கானிக்குக் கொடுத்த காசுக்கு இவ்வளவு சொல்லும் கருவி வேறு இல்லை.

அளவுக் கருவிகளுக்கு மச்சான்தான் கதி. ஓசூர் சிப்காட்டில் மெஷின் ஷாப் வேலை. டயல் கேஜ் (முனை துளி அசைந்தாலும் ஊசியில் காட்டும் கருவி), மேக்னெட் ஸ்டாண்ட், ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை காட்டும் டிஜிட்டல் மைக்ரோமீட்டர் எல்லாம் சொந்தமாகவே வைத்திருக்கிறார். கேட்டதும் சிரித்தார். “மாமா, நாங்க பத்து மைக்ரானுக்கு ஒரு நாள் பூரா சண்ட போடறோம். நீங்க கார் சக்கரத்துக்குக் கேக்கறீங்க.” ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியோடு வந்து நின்றார்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கினோம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடக் கூடாது. சக்கரத்தைக் கழற்றுமுன் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தோம். பேரிங்கில் பிளே (தளர்வு) இருந்தால் டயல் கேஜ் சொல்வதெல்லாம் பொய்யாகிவிடும். பிளே இல்லை.

இங்கேதான் வரிசை முக்கியம். சக்கரத்தைக் கழற்றியதும் பலரும் டிஸ்க்கையும் பிடுங்கிவிடுவார்கள். பிடுங்கினால் டிஸ்க்குக்கும் அது உட்காரும் ஹப்புக்கும் நடுவில் என்ன இருந்தது என்ற சாட்சியம் உதிர்ந்துவிடும். எனவே பேட்டுகளைத் தாங்கி அழுத்தும் காலிப்பரை மட்டும் கழற்றி, ஹோஸில் தொங்கவிடாமல் கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டினோம். சக்கரம் இல்லாத ஸ்டட்டுகளில் (ஹப்பில் நீட்டி நிற்கும், நட்டு ஏறும் போல்ட்டுகள்) தடித்த வாஷர் கோத்து, நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக ஒரே அளவு இறுக்கினோம். சக்கரம் இருக்கும்போது டிஸ்க் எப்படி ஹப்போடு அமுங்கியிருக்குமோ அதே நிலை வேண்டும். டயல் ஸ்டாண்டை நக்கிளில் (ஹப்பைத் தாங்கும், சுற்றாத இரும்புப் பாகம்) ஒட்டி, முனையை டிஸ்க்கின் வெளி விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே வைத்து, கையால் மெல்லச் சுற்றினோம்.

இடது பக்கம் ஊசி 0.03 மி.மீ. அசைந்தது. வலது பக்கம் 0.14.

பல கார்களின் மேனுவல்கள் இதற்கு விதிக்கும் வரம்பு 0.05 முதல் 0.10 மி.மீ. வரை. மச்சான் இப்போது சிரிக்கவில்லை. உச்சம் வந்த இடத்தில் டிஸ்க்கிலும், அதற்கு நேரான ஸ்டட்டிலும் மார்க்கரால் கோடு போட்டார்.

அடுத்தது தடிமன். இதற்கு வெர்னியர் அளவுகோல் சரிப்படாது. பேட் தொடாத வெளி விளிம்பு தேயாமல் வரப்பு போல நிற்கும்; வெர்னியரின் தாடை அதன் மேல் உட்கார்ந்து தப்புக் கணக்குக் காட்டும். மைக்ரோமீட்டரை வரப்பைத் தாண்டி உள்ளே விட்டு, ஒரே ஆழத்தில், சுற்றிலும் எட்டு இடங்களில் எடுத்தோம். இடது டிஸ்க்கில் கூடுதலுக்கும் குறைச்சலுக்கும் வித்தியாசம் 0.006 மி.மீ. வலதில் 0.027. சராசரித் தடிமன் இரண்டிலும் 19.6; புதிதாக 20; டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவு 18. அதாவது தேய்மானக் கணக்கில் இந்த டிஸ்க்குக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது.

நம் ஆட்கள் ‘பெண்டு’ என்று சொல்வதில் பெரும்பாலும் டிஸ்க் அப்பளம் போல வளைவதில்லை. மிதியைத் துடிக்க வைப்பது தடிமன் வித்தியாசம். தடித்த இடம் பேட்டுகளுக்கு நடுவே வரும்போது காலிப்பரில் உள்ள பிஸ்டனைப் பின்னால் தள்ளுகிறது, மெலிந்த இடம் வரும்போது விடுகிறது. பிரேக் ஆயிலின் அழுத்தம் அதற்கேற்ப ஏறி இறங்குகிறது. 0.02 மி.மீ. அளவுக்கு வித்தியாசம் இருந்தாலே காலுக்குத் தெரிந்துவிடும். டிஸ்க் பக்கவாட்டில் ஆடுவது மட்டும் என்றால், காலிப்பர் தன் வழுக்குப் பின்களில் (அது பக்கவாட்டில் நகர உதவும் கம்பிகள்) வழுக்கி அதோடு சேர்ந்து ஆடிச் சமாளித்துவிடும். ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அந்த ஆட்டம்தான் தடிமன் வித்தியாசத்தைப் பெற்றெடுக்கிறது. பிரேக் போடாத நேரத்தில், ஒவ்வொரு சுற்றிலும், ஆடும் டிஸ்க்கின் உச்சி ஒரு பக்கப் பேட்டை லேசாக உரசும். அதற்கு எதிர்ப்புறம் மறு பக்கப் பேட்டை உரசும். எப்போதும் அதே இரண்டு இடம். சில ஆயிரம் கிலோமீட்டர் இப்படி உரசினால் அந்த இரண்டு இடமும் மெலிந்துவிடும். புது டிஸ்க் போட்டதும் நடுக்கம் நின்று, கொஞ்ச காலம் கழித்துத் திரும்பி வருவதன் காரணம் இதுதான்.

எங்கள் வலது டிஸ்க்கில் மெலிந்த இடங்கள் எங்கே இருந்தன என்று பார்த்தோம். ஒன்று மார்க்கர் கோட்டுக்குப் பக்கத்தில், இன்னொன்று அதற்கு நேர் எதிரில். எட்டு எண்களைத் தாளில் வட்டமாக எழுதிப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

அப்படியானால் அந்த 0.14 ஆட்டம் டிஸ்க்கின் சொந்தச் சொத்தா, ஹப் கொடுத்ததா? கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றி, ஹப்பைத் துடைக்காமல், அரைச் சுற்று திருப்பி மறுபடி மாட்டி அளப்பது. உச்சம் டிஸ்க்கோடு நகர்ந்தால் கோளாறு டிஸ்க்கில். அதே ஸ்டட்டிலேயே நின்றால் ஹப்பில். சில கார்களில் டிஸ்க்கை ஹப்போடு பிடிக்கும் சின்ன ஸ்க்ரூ இருப்பதால் இப்படித் திருப்ப முடியாது. என்னுடையதில் ஸ்க்ரூ இல்லை.

டிஸ்க் லேசில் வரவில்லை. துரு கவ்வியிருந்தது. சுத்தியலால் அடிப்பதற்கு முன், டிஸ்க்கின் முகத்தில் இரண்டு மரை ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இதற்கென்றே வைத்தவை. 8 மி.மீ. போல்ட் இரண்டைப் போட்டு மாற்றி மாற்றி இறுக்கினால் டிஸ்க் தானாக வெளியே தள்ளப்பட்டுவிடும். டொக் என்று விட்டது. திருப்பி மாட்டி அளந்தோம்: 0.12, உச்சம் அதே ஸ்டட்டில்.

ஹப்பைப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. ஸ்டட்டைச் சுற்றி ஒரு பக்கம் துரு அடையாகப் படிந்து, அமுங்கிக் கறுத்துப் போயிருந்தது. போன முறை டிஸ்க் மாற்றியவர்கள் பழையதைக் கழற்றிப் புதியதைத் துருவின் மேலேயே மாட்டியிருக்கிறார்கள். கம்பி பிரஷ், பிறகு உப்புத்தாள். ஸ்டட்டின் அடியைச் சுற்றியுள்ள ஒடுக்கமான இடம்தான் பொறுமையைச் சோதிக்கும். பழைய ஸ்பேனர் சாக்கெட் ஒன்றில் உப்புத்தாளை வட்டமாக வெட்டி ஒட்டி, ஸ்டட்டின் மேல் கவிழ்த்துத் திருகினோம். டிஸ்க்கின் உள்முகத்தையும் தேய்த்தோம். சுத்தம் செய்த ஹப் முகத்தில் டயல் 0.02 காட்டியது. டிஸ்க்கை மாட்டி அளந்தால் 0.05.

கணக்கும் ஒத்துப்போனது. ஹப் முகம் சுமார் 130 மி.மீ. அகலம், நாங்கள் அளந்த வட்டம் 230. ஹப்பின் ஓரத்தில் 0.05 மி.மீ. துரு இருந்தால் வெளியே அது 0.09 ஆகப் பெருகும். 0.14லிருந்து 0.05 வரை இறங்கியது சரியாக அந்த 0.09தான்.

துருவோடு நட்டையும் விசாரிக்க வேண்டும். பஞ்சர் கடையில் ஏர் கன் வைத்து ஒரு நட்டை முழுதாக இறுக்கிவிட்டு, பக்கத்து நட்டுக்குப் போவார்கள். நான்கும் நான்கு விதமான இறுக்கம். டிஸ்க்கின் தொப்பிப் பகுதி (ஹப்பில் உட்காரும் நடுப்பாகம்) அந்த வேறுபாட்டை வாங்கிக்கொண்டு திருகிக்கொள்ளும். டார்க் ரெஞ்ச்சில் பார்த்தபோது என் நட்டுகளில் இரண்டு, 100 நியூட்டன் மீட்டரில் ‘டிக்’ என்ற பிறகும் துளிகூட அசையவில்லை. ஒன்று அதற்கு வெகு முன்பே சுழன்றது. இப்போதெல்லாம் பஞ்சர் கடையில் “அண்ணா, கன்ல லேசா ஓட்டி மட்டும் விடுங்க, மீதிய நான் கையில இறுக்கிக்கறேன்” என்று சொல்லிவிடுகிறேன். ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

வலது பக்கச் சூட்டுக்கு விடை காலிப்பரில் இருந்தது. இரண்டு வழுக்குப் பின்களில் கீழ்ப் பின் இறுகிக் கிடந்தது. அதன் ரப்பர் பூட் (உறை) கிழிந்து, தண்ணீரும் மண்ணும் போய், பழைய கிரீஸ் மெழுகாகியிருந்தது. உள் பேட் வெளிப் பேட்டைவிடக் கணிசமாகத் தேய்ந்திருந்ததும் இதனால்தான். பின்னைச் சுத்தம் செய்து சிலிக்கான் பிரேக் கிரீஸ் தடவி, பூட் மாற்றினோம். சாதாரண சேசிஸ் கிரீஸ் இங்கே ஆகாது. அதிலுள்ள ஆயில் ரப்பரை ஊத வைத்துப் பின்னை மறுபடி ஜாம் செய்துவிடும்.

ஆட்டம் போயிற்று, ஆனால் ஏற்கெனவே விழுந்த 0.027 தடிமன் வித்தியாசம் அப்படியே இருக்கிறது. 19.6 இருக்கிறதே, லேத்தில் லேசாகக் கட்டிங் போட்டால் போதுமே என்றுதான் நினைத்தேன். மச்சானுக்கு ஒரு சந்தேகம். வலது டிஸ்க்கில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும்படி இரண்டு மூன்று நீலத் திட்டுகள் இருந்தன. பென்னாகரம் ரோட்டுப் பக்கம் ஒரு லேத் பட்டறை. அண்ணன் பழைய ஆள்; முகம் பார்த்து மாட்டி, டயல் அடித்து, இரண்டு முகத்தையும் கழற்றாமல் ஒரே மாட்டலில் ஓட்டினார். திட்டு வந்த இடத்தில் டூல் ஒவ்வொரு சுற்றிலும் ‘டிக்’ என்றது. பக்கத்துக்கு 0.15 மி.மீ. எடுத்த பிறகும் சுற்றியுள்ள பரப்பு மங்கலாக இருக்க, அந்த இடங்கள் மட்டும் கண்ணாடித் தீவுகளாக மின்னின.

“வெட்டித் தந்துருவேன் தம்பி, காசும் வாங்கிக்குவேன். ஆனா இது மறுக்கா வரும்” என்றார்.

அவர் சொன்னது இரும்பின் குணம். டிஸ்க் செய்வது கிரே காஸ்ட் அயர்னில். அதில் ஓரிடம் மட்டும் 700 டிகிரியைத் தாண்டிச் சூடேறி, சுற்றியுள்ள உலோகம் அந்த வெப்பத்தைச் சட்டென்று இழுத்துக்கொண்டால், அங்கே சிமென்டைட் என்ற இரும்புக் கார்பைடு உண்டாகிவிடும். மற்ற இடத்தைவிட அது மிகக் கடினம், தேயாது. சுற்றிலும் தேயத் தேய அது மேடாகும். மேடானதால் இன்னும் சூடேறும். சூடேறியதால் இன்னும் பரவும். மேற்பரப்பை வழித்தாலும் வேர் உள்ளே இருக்கும். டிஸ்க் முழுதும் 700 டிகிரிக்குப் போக வேண்டியதில்லை. உச்சிகள் மட்டும் பேட்டில் உரசும் அந்தச் சின்னப் பரப்பு போனால் போதும்.

தொப்பூர் கணவாய் இங்கே கணக்கில் வருகிறது. ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள கார் 100 மீட்டர் உயரம் இறங்கினால், வெளிப்படும் ஆற்றல் சுமார் 12.7 லட்சம் ஜூல். நாலு லிட்டர் தண்ணீரை அறைச் சூட்டிலிருந்து கொதிக்க வைக்கப் போதும். இதில் கொஞ்சம் காற்றும் எஞ்சினும் வாங்கிக்கொள்ளும். டாப் கியரில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பெரும்பகுதி முன் டிஸ்க் இரண்டின் தலையில் விழும். ஆளுக்கு ஐந்து கிலோ இரும்பு. 70 விழுக்காடு அதற்குள் போய், ஆறவும் நேரமில்லை என்று வைத்தால், ஒவ்வொரு 100 மீட்டர் இறக்கத்துக்கும் கிட்டத்தட்ட 185 டிகிரி ஏறும். காலிப்பர் வேறு ஜாம் ஆகி ஒரு பக்கம் கூடுதலாகப் பிடித்திருந்தால் சொல்ல வேண்டாம்.

அங்கே லாரிகளுக்கு பிரேக் பிடிக்காமல் போவது வேறு கோளாறு. டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டு இறங்கி, டிரம் சூடேறி, லைனிங் பிடிமானம் இழப்பது அது. காருக்கு வரும் நடுக்கம் உயிரை வாங்காது, பர்ஸைத்தான் வாங்கும். ஆனால் இரண்டுக்கும் தாய் அதே இறக்கம்தான்.

புது டிஸ்க் ஒரு ஜோடி, பேட் செட் ஒன்று வாங்கினேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கலாம் என்பதால் ஜோடி. புது டிஸ்க்கின் மேல் துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனர் போட்டுத் துடைக்காமல் மாட்டினால் புதுப் பேட்டும் கெடும். இடது ஹப்பையும் இதே போலத் தேய்த்துவிட்டு மாட்டி அளந்தோம்: இடது 0.03, வலது 0.04. நட்டுகளைக் குறுக்காக, முதலில் பாதி, பிறகு முழு 100க்கு இறுக்கினேன். இந்த எண் என் வண்டிக்கு. உங்கள் மேனுவலில் வேறாக இருக்கலாம்.

புதுப் பேட்டுக்கு இடம்விடப் பிஸ்டனைப் பின்னால் தள்ளியிருப்பதால் வண்டியை எடுக்குமுன் மிதி கெட்டியாகும்வரை பம்ப் செய்ய வேண்டும். இதை மறந்து கேட்டில் இடித்தவர்களை எனக்குத் தெரியும்.

பிறகு பேட்டை டிஸ்க்கோடு பழக்குவது. விடியற்காலை, பாலக்கோடு ரோட்டில், 60லிருந்து 15 வரை மிதமாக பிரேக் பிடித்து விடுவது, மறுபடி 60, மறுபடி 15 என்று எட்டுப் பத்து முறை. முழுதாக நிற்கக் கூடாது. சூடான டிஸ்க்கில் பேட்டை அழுத்திக்கொண்டு நின்றால் பேட்டின் பொருள் அந்த இடத்தில் மட்டும் அச்சு போல ஒட்டிக்கொள்ளும். அதுவும் தடிமன் வித்தியாசம்தான். முடிந்ததும் பிரேக் தொடாமல் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட்டேன்.

கணவாயில் இறங்கும் விதத்தையும் மாற்றியிருக்கிறேன். பாளையம் சுங்கச்சாவடி தாண்டி இறக்கம் தொடங்குமுன்பே மூன்றாவது கியர், முன்னால் லாரி ஊர்ந்தால் இரண்டாவது. மிதியில் கால் வைத்துத் தேய்த்துக்கொண்டே வராமல், வேகம் ஏறியதும் ஒரு முறை நன்றாகப் பிடித்து விட்டுவிடுவது; நடுவில் டிஸ்க்குக்குக் காற்று கிடைக்கும். இரட்டைப் பாலம் பக்கம் நெரிசலில் நிற்க நேர்ந்தால் காலை எடுத்துவிட்டு கை பிரேக் போடுகிறேன். இறங்கியதும், டிஸ்க் சூடாக இருக்கும்போதே, வாட்டர் வாஷ் கடையில் கொண்டுபோய்ச் சக்கரத்தில் தண்ணீர் பீய்ச்சுவது அறவே கிடையாது.

அண்மையில் டயர் இடம் மாற்றக் கழற்றியபோது மச்சானின் டயலை மறுபடி வாங்கி வைத்துப் பார்த்தேன். வலது ஆட்டம் அதே 0.04, தடிமன் வித்தியாசம் 0.005. இடது காலிப்பரின் மேல் பின் பூட்டில் மட்டும் ஒரு கீறல் தெரிகிறது. நாற்பது ரூபாய் ரப்பர், ஆர்டர் போட்டிருக்கிறேன்.